பாதிவரை பார்த்த கதை

1986ஆம் ஆண்டு டிசம்பர் 18, வியாழக்கிழமை இரவு. ரொறன்ரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில், இரண்டு படுக்கையறைகள் கொண்ட வீட்டில் நாங்கள் ஆறு பேர் குடியிருந்தோம். ஆறு பேருக்கும் பொதுவாக நல்ல குளிர்கால மேலங்கி ஒன்றுதான் இருந்தது. வேலைநேரம் ஒத்துவராதவர்கள் அதை மாறிமாறி அணிந்துகொண்டோம். தொலைக்காட்சிப் பெட்டி, யாரோ தெருவோரத்தில் வைத்துவிட்டுப் போனது. அதன் அன்ரெனாவை ஜன்னல் பக்கமாகத் திருப்பிவைத்தால், ஒன்ராரியோ ஏரிக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோ நகரிலிருந்து வரும் ஒளிபரப்புகள் கொஞ்சம் மணல் தூவியதுபோலத் தெரியும்.

அன்றிரவு எனக்கு உணவகமொன்றில் கோப்பை கழுவும் வேலை. என்னை ஏற்றிப்போக வரும் காரின் ஹோர்ன் சத்தத்துக்காகக் காத்திருந்த நேரத்தில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒரு சாதாரண அமெரிக்க வீடு. ஒரு சிறுமி தன் அறையில் யாரோ ஒருவரைக் கண்டு பயப்படுகிறாள். தகப்பன் சமாதானம் சொல்கிறான். பிறகு அவனுக்கே ஏதோ நேரத் தொடங்குகிறது. வீட்டுக்குள் இருக்கும்போதே போர்க்காட்சிகள் அவனைச் சூழ்கின்றன. கடைசியில் சக்கர நாற்காலியில் ஒருவன் தெரிகிறான். கால்கள் இல்லை. முகம் அந்தத் தகப்பனுடையதே. அன்றைய என் ஆங்கிலத்துக்குப் பிடிபட்டவை இரண்டு சொற்கள்: வியட்நாம், கனடா.

கீழே ஹோர்ன் அடித்தது. மேலங்கியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அந்தக் கதையின் முடிவைப் பார்க்க எனக்குப் பத்தொன்பது வருடங்கள் பிடித்தன.

*

நான் பார்த்தது ‘ட்வைலைட் ஸோன்’ தொடரின் மீளுருவாக்கம் என்பதும், அதன் இரண்டாம் பருவத்தில் வந்த ‘த ரோட் லெஸ் ட்ராவல்ட்’ என்ற கதை அது என்பதும் பின்னாளில் தெரிந்துகொண்டவை. மூலத் தொடரைப் பற்றி வாசகர்களுக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1959 முதல் 1964 வரை சிபிஎஸ் நிறுவனம் ஒளிபரப்பிய 156 கதைகள் அதில் உண்டு. தொடரை உருவாக்கிய ரொட் சேர்லிங் அவற்றுள் 92 கதைகளைத் தானே எழுதினார். அவர் இரண்டாம் உலகப் போரில் வான்குடைப் படைவீரராகப் பிலிப்பைன்ஸில் போரிட்டுக் காயப்பட்டவர். அந்தப் பழைய கறுப்பு வெள்ளைக் கதைகளில் விண்வெளியையும் வேற்றுலகவாசிகளையும் நீக்கிப் பார்த்தால், அடியில் எஞ்சுவது போரிலிருந்து திரும்பி வந்த ஒரு மனிதனின் உறக்கமின்மை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சேர்லிங் 1975இல் இறந்தார். பத்து வருடங்கள் கழித்து, 1985 செப்டெம்பர் 27 அன்று, அதே நிறுவனம் அதே பெயரில் தொடரை மீண்டும் ஆரம்பித்தது. தயாரிப்புப் பொறுப்பு பிலிப் டிகேரிடம் இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று கதைகளை அடுக்கித் தரும் முறையை அவர்கள் கைக்கொண்டார்கள். அறிபுனை எழுத்தாளர்களையே நேரடியாக எழுத்து அறைக்குள் கொண்டுவந்தது அந்த மீளுருவாக்கத்தின் முக்கியமான காரியம். ஹார்லன் எலிசன் ஆலோசகராக இருந்தார். தான் இயக்கவிருந்த கதையொன்றுக்கு நிறுவனம் தடைபோட்டபோது முதற் பருவத்தின் நடுவிலேயே விலகிப்போனார்.

இரண்டாம் பருவம் சரியாக ஒரு வருடம் கழித்து, 1986 செப்டெம்பர் 27இல் ஆரம்பித்தது. அதன் ஒளிபரப்பு வரலாறு ஒரு நாடோடியின் விலாசப் புத்தகம் போன்றது. அக்டோபர் நடுப்பகுதிவரை சனிக்கிழமைகளில் நான்கு வாரம் வந்தது. பின்னர் காணாமற்போனது. டிசம்பரில் வியாழக்கிழமைக்கு மாறி, வாரத்துக்கு ஒரே ஒரு கதையாகச் சுருங்கி மூன்று வாரம் வந்தது. மறுபடி காணாமற்போனது. பெப்ரவரியில் ஒரு நாள், மே மாதத்தில் ஒரு நாள், ஜூலையில் இரண்டு நாள். மொத்தம் பதினொரு ஒளிபரப்புகள். இருபதுக்கு மேற்பட்ட கதைகள். 1987 ஜூலை 17உடன் சிபிஎஸ் அதைக் கைவிட்டது.

கைவிடப்பட்ட அந்தத் தொடர் எங்கே போனது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதுவும் கனடாவுக்கு வந்தது. 1988இலும் 1989இலும் ஒளிபரப்பான மூன்றாம் பருவத்தின் முப்பது கதைகள், வேறு தயாரிப்பாளர்களின் கையில், குறைந்த செலவில், இங்கே எடுக்கப்பட்டவை. முந்தைய இரு பருவங்களுக்கும் பின்னணிக் குரல் கொடுத்தவர் சார்ள்ஸ் எய்ட்மன். சேர்லிங்கின் பழைய தொடரில் நடித்தவர். கனடாவுக்கு வந்தபின் அவரது இடத்தில் ரொபின் வார்ட் பேசினார். மறு ஒளிபரப்புக்காகப் பழைய கதைகளிலும் எய்ட்மனின் குரலை எடுத்துவிட்டு வார்டின் குரலையே ஒட்டினார்கள். அகதியாக வருபவனின் குரல், அவன் கடந்த காலம்வரைக்கும் மாறிவிடுகிறது என்பதை அந்தத் தயாரிப்பாளர்கள் அறியாமலே செய்து காட்டியிருக்கிறார்கள்.

*

2005இல் இரண்டாம், மூன்றாம் பருவங்கள் டிவிடியாக வந்தபோது வாங்கி, வரிசைப்படி பார்த்தேன். எல்லாம் சிறந்தவை என்று சொல்லமாட்டேன். நித்திய இளமை தரும் தண்ணீரைப் பற்றிய கதை, அதன் முதல் இரண்டு நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது. கடைப் பொம்மைகளைப் பற்றி 1960இல் சேர்லிங் எழுதிய ‘த ஆஃப்டர் அவர்ஸ்’ கதையைத் திரும்ப எடுத்திருக்கவே தேவையில்லை. ஆனால் நல்லவை நல்லவைதாம். அவற்றுக்கு ஒரு பொதுக்குணம் இருப்பதையும் கண்டேன். மூலத் தொடர் முடிவில் திருப்பி அடிக்கும். ஆணவக்காரனுக்கும் பேராசைக்காரனுக்கும் தண்டனை உண்டு. இந்தப் பருவத்தின் நல்ல கதைகளுக்குத் தண்டிப்பதில் ஆர்வமில்லை. யாரோ ஒருவருக்கு ஏதோ ஒரு செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்ற தவிப்பிலேயே அவை நகர்கின்றன.

முதல் நாள் ஒளிபரப்பான ‘எ சோசர் ஒஃப் லோன்லினஸ்’ அப்படிப்பட்டது. தியடோர் ஸ்டேர்ஜன் 1953இல் எழுதிய சிறுகதையை டேவிட் ஜெரால்ட் தொலைக்காட்சிக்கு எழுதினார். ஸ்டேர்ஜன் 1985 மே மாதமே இறந்துவிட்டார், இதைப் பார்க்கவில்லை. உணவகத்தில் பணிபுரியும், யாருமற்ற ஒரு பெண்ணை (ஷெல்லி டுவால்) ஒரு சிறிய பறக்கும் தட்டு தொட்டு, அவளுக்கு மட்டும் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு விழுந்துவிடுகிறது. அரசாங்கம் விசாரிக்கிறது, ஊர் துரத்துகிறது. அவள் சொல்ல மறுக்கிறாள். வாழ்க்கையில் அவளுக்கென்று ஒருவர் கொடுத்தது அது ஒன்றுதான். பிறகு அவள் போத்தல்களுக்குள் கடிதங்களை அடைத்துக் கடலில் எறியத் தொடங்குகிறாள்.

இது ஒளிபரப்பாவதற்கு ஆறேழு வாரங்கள் முன்பு, 1986 ஆகஸ்ட் 11 அன்று, நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டிருந்தார்கள். அந்த இலையுதிர்காலம் முழுதும் எங்கள் வேலைத்தளங்களில் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். ஏன் வந்தார்கள், எப்படி வந்தார்கள், சொல்வது உண்மையா என்று. டுவாலை அதிகாரிகள் விசாரிக்கும் காட்சியை என்னால் வெறும் நடிப்பாகப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் வாரத்தில் வந்த ‘த ஸ்டோரிடெல்லர்’ கதையில், மலைக்கிராமத்துப் பள்ளிக்கு வரும் இளம் ஆசிரியை ஒரு மாணவனின் இரகசியத்தைக் கண்டுபிடிக்கிறாள். அவன் ஒவ்வோர் இரவும் தன் மூதாதையான முதியவருக்குக் கதை வாசிக்கிறான். முடிவுக்கு முன்னால் நிறுத்திவிடுகிறான். மிச்சத்தை நாளைக்குக் கேட்கவேண்டும் என்ற ஆவலிலேயே அந்த உயிர் ஒரு மனித ஆயுளைத் தாண்டியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பருவத்தின் இறுதிப் பகுதியில் வந்த ‘ஷெல்டர் ஸ்கெல்டர்’ இதன் நேர்மறு. உலகம் அணுவாயுதப் போரில் அழிந்துவிட்டதாக நம்பி ஒருவன் தன் நிலவறைக்குள்ளேயே இருந்துவிடுகிறான். உண்மையில் வெடித்தது அருகிலிருந்த படைத்தளத்தின் ஒரேயொரு குண்டு. அந்த விபத்தால் அதிர்ந்த உலகம் ஆயுதங்களைக் கைவிட்டு, அவன் இருக்கும் இடத்தையே கொங்கிரீற்றால் மூடி நினைவிடமாக்கிவிடுகிறது. மேலே சமாதானம், கீழே அவன். செய்தி போய்ச் சேரவில்லை.

*

இனி நான் பாதியில் விட்ட கதைக்கு வருகிறேன்.

அதை எழுதியவர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். அன்று அவர் புகழ்பெற்றவர் அல்லர். 1983இல் வெளியான அவரது நாவல் விற்பனையில் படுதோல்வி அடைந்திருந்தது. தொலைக்காட்சிக்கு எழுதித்தான் அவர் மீளவேண்டியிருந்தது. வியட்நாம் போர்க்காலத்தில் மனச்சாட்சியின் பேரில் படைச்சேவையை மறுத்தவர்களில் அவரும் ஒருவர். அதற்கு ஈடாக 1972 முதல் 1974 வரை சமூகப் பணி செய்தார். ஆகவே போகாமல் விட்டவனின் மனம் அவருக்குத் தெரியும். கதையை இயக்கியவர், திகில் படங்களால் அறியப்பட்ட வெஸ் கிராவன். பேய்க்கதை போலவே தொடங்கும் இதற்குப் பொருத்தமானவர்.

கதாநாயகன் ஜெஃப், படைக்கு அழைக்கப்பட்டபோது கனடாவுக்கு ஓடியவன். அவனைப்போலப் பல்லாயிரம் பேர் எல்லையைக் கடந்தார்கள். 1977 ஜனவரி 21 அன்று, பதவியேற்ற மறுநாளே, ஜனாதிபதி கார்ட்டர் அவர்களுக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். ஆனால் அரசாங்கம் மன்னித்தபின்னும் தீராத ஒரு கணக்கு இருக்கிறது என்பதே கதை. சக்கர நாற்காலியில் வருபவன், அழைப்பை ஏற்றுப் போருக்குப் போன இன்னொரு ஜெஃப். ஒரே மனிதனின் நடக்காத வாழ்வு.

கதையின் முற்பாதியை மட்டும் பார்த்துவிட்டுப் போன நான், பிற்பாதியை நானே எழுதிக்கொண்டேன். நாற்காலிக்காரன் கணக்குத் தீர்க்க வந்திருக்கிறான். வீட்டையும் மனைவியையும் மகளையும் அவன் எடுத்துக்கொள்வான். ஓடியவன் அந்த நாற்காலியில் உட்கார நேரும். அப்படித்தான் முடிந்திருக்கும் என்று நம்பினேன். அதை நம்புவதற்கு என்னிடம் காரணம் இருந்தது.

1984இன் கடைசி மாதங்களில், நானும் என் பள்ளித் தோழனும் ஒன்றாகப் புறப்படுவதாக இருந்தோம். ஏஜென்சிக்காரனுக்கு இருவருக்குமாக முற்பணம் கட்டியாயிற்று. புறப்படும் காலையில் அவன் பஸ் நிலையத்துக்கு வரவில்லை. முதல் நாள் இரவு ஒன்றாகப் பொதி கட்டியதில் அவனுடைய நீல நிறச் சேட் ஒன்று என் பையில் வந்துவிட்டது. அவன் இயக்கமொன்றில் சேர்ந்துவிட்டான் என்ற செய்தி எனக்கு ஜெர்மனியில் கிடைத்தது. சில வருடங்களின் பின், கண்ணிவெடியில் ஒரு கால் போய்விட்டது என்ற செய்தி ரொறன்ரோவில் கிடைத்தது. கதையைப் பார்த்த இரவு எனக்கு இரண்டாவது செய்தி தெரியாது. தெரியவந்த அன்று முதலில் நினைவுக்கு வந்தது அந்த நாற்காலிதான்.

*

போர்நிறுத்த காலத்தில், 2003 ஆகஸ்டில், ஏ9 பாதை வழியாக ஊருக்குப் போனேன். வழியில் கிளிநொச்சியில் இறங்கி அவனைத் தேடிப் பிடித்தேன். ஒரு தேநீர்க்கடையின் பின்புறம், வேப்பமரத்தடியில், பிளாஸ்டிக் கதிரைகளில் மூன்று மணிநேரம் இருந்தோம். செயற்கைக் காலை நீட்டிவைத்து உட்கார்ந்திருந்தான். இயக்கத்தை விட்டு விலகி நீண்டகாலமாகிவிட்டது என்றான். நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை.

அவன்தான் தொடங்கினான்.

“மச்சான், என்ர நீலச் சேட்டை என்ன செய்தனி?”

“போட்டுக் கிழிச்சுப் போட்டனடா. கோப்பை கழுவேக்க அதைத்தான் போடுறனான்.”

விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கேட்கத் தொடங்கினான். நான் எதிர்பார்த்த கேள்வி ஒன்றும் வரவில்லை. முதலாவது சம்பளத்தில் என்ன வாங்கினாய்? பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே விட்டார்களா? ஏரி உறைந்தால் மேலே நடக்கலாமா? ஒவ்வொன்றுக்கும் நான் கூச்சத்தோடு, சுருக்கமாக, எதையும் பெரிதுபடுத்தாமல் பதில் சொன்னேன். என் சௌகரியங்களை அவன் முன்னால் கடைபரப்புவதாகத் தோன்றியது. அவன் விடவில்லை. வடிவாய்ச் சொல்லு என்றான்.

“ஸ்னோ கொட்டேக்க சத்தம் கேக்குமோ?”

“இல்லையடா. ஒரு சத்தமும் இல்லை. இருக்கிற சத்தமும் குறைஞ்சு போகும்.”

அவன் கண்களை மூடிக்கொண்டு சிறிது நேரம் இருந்தான். “இஞ்சை அப்பிடி ஒரு நாள் இருந்ததில்லை” என்றான். போரைப் பற்றி அந்த மூன்று மணிநேரத்தில் அவன் சொன்னது அந்த ஒரு வாக்கியந்தான்.

விடைபெறும்போது என் கையைப் பிடித்தவன் உடனே விடவில்லை. அவன் என்னை மன்னிக்கிறானா, வழியனுப்புகிறானா என்று எனக்குத் தெளிவில்லாமலே வாகனத்தில் ஏறினேன்.

*

இரண்டு வருடம் கழித்து டிவிடியில் கதையின் பிற்பாதியைப் பார்த்தேன்.

நாற்காலிக்காரன் எதையும் எடுத்துக்கொள்ள வரவில்லை. தான் வாழாமல்விட்ட வாழ்வு எப்படியிருந்தது என்று பார்க்கத்தான் வந்திருந்தான். இரு ஜெஃப்களும் தங்கள் நினைவுகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஓடியவன் தன் திருமணத்தையும் மகளையும் கொடுக்கிறான். போனவனின் போரை வாங்கிக்கொள்கிறான். அவ்வளவுதான் கதை.

படத்தை நிறுத்திவிட்டு நெடுநேரம் அப்படியே இருந்தேன். வேப்பமரத்தடியில் நடந்தது இதுதானே. அவன் கேட்டுக்கொண்டிருந்தது என் நினைவுகளை. நானோ குற்றவுணர்வின் கஞ்சத்தனத்தால் அவற்றை எண்ணியெண்ணிக் கொடுத்திருக்கிறேன். முடிவை முன்பே பார்த்திருந்தால் தாராளமாகக் கொடுத்திருப்பேனோ என்னவோ. தப்பி வந்தவனுக்கு, தன் மகிழ்ச்சியை மறைப்பது பணிவு என்று தோன்றுகிறது. காத்திருப்பவனுக்கு அது இன்னொரு கதவடைப்பு.

கதையோடு எனக்கு இன்றும் ஒரு வழக்கு உண்டு. மார்ட்டினின் பரிமாற்றம் மிகவும் சமமானது. இரண்டு பேரும் கொடுக்கிறார்கள், இரண்டு பேரும் நிறைகிறார்கள். வேப்பமரத்தடியில் அப்படி நடக்கவில்லை. அவன் வாங்கிக்கொண்டான், ஒரு வாக்கியம் தவிரத் தன்னுடையதைத் தரவில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காகத் தராமல் விட்டானா, அதற்கு நான் தகுதியில்லை என்று விட்டானா என்பது எனக்குத் தெரியாது. அரை மணி நேரக் கதைக்கு அந்தத் தெரியாமையைத் தாங்க இடமிருந்திருக்காது. ஆனாலும் அந்தப் பருவத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதைத்தான்.

2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. 2009இன் பிறகு அவனைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. தேடக்கூடிய இடங்களிலெல்லாம் தேடினேன், கேட்கக்கூடியவர்களிடமெல்லாம் கேட்டேன். நான் பார்க்கக் கிடைத்த பட்டியல்களில் அவன் பெயர் இல்லை.

ரொறன்ரோவில் இந்தக் கட்டுரையை எழுதும்போது பனிக்காலம் தொடங்கியிருக்கிறது. முதற்பனி விழும் இரவுகளில் ஜன்னலைச் சற்றுத் திறந்துவைத்துக் கவனிப்பது என் வழக்கம். அவனுக்கு நான் சொன்ன பதில் முற்றிலும் சரியல்ல. கீழே காய்ந்த இலைகள் கிடந்தால், பனி அவற்றின்மேல் விழும்போது மிக மெல்லிய ஒரு சத்தம் கேட்கிறது. அரிசியைத் தூரத்தில் யாரோ புடைப்பதுபோல. அதை அவனுக்குச் சொல்லவேண்டும்.